மறுதொடக்கமும் மீட்டமைப்பும்

புதிய கருவி ஊருக்குள் வரும்போது புதிய சொல்லும் உடன் வருகிறது. கருவியைக் கையாளும் திறம் மக்களுக்கு விரைவில் வாய்த்துவிடுகிறது. சொல்லைக் கையாளும் திறம் அத்துணை விரைவில் வாய்ப்பதில்லை. தஞ்சோங் காராங் முதலாகக் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்கள்தோறும் இன்று கணினியும் கைப்பேசியும் புகுந்துவிட்டன. அவற்றோடு வந்த சொற்களுள் நாளும் பன்முறை வழங்குவது 'ரீபூட்' அல்லது 'ரீஸ்டார்ட்' என்பது. இதற்கு ஈடாகத் தமிழில் மறுதொடக்கம், மீள்தொடக்கம், மறுதுவக்கம், மறுஇயக்கம், மீளியக்கம், மீண்டும் தொடங்கு எனப் பல வடிவங்கள் அகராதிகளிலும் நாளேடுகளிலும் கருவிகளின் திரைகளிலும் காணப்படுகின்றன. ஒரு பொருளுக்குப் பல சொல் இருப்பது மொழிக்குக் குறையாகாது. ஆனால் இச்சொற்களுள் ஒன்றைப் பிறிதொரு செயலுக்கு உரிய சொல்லோடு மயங்க வழங்கினால் இழப்பு நேரும். அவ்விழப்பு மொழியளவில் நில்லாது பொருளளவிலும் சென்று முடியும். ஆதலின் இச்சொல்லை ஆராய்வது தமிழாசிரியர்க்குக் கடமையாகிறது.

ஆங்கிலச் சொல்லின் வரலாறு

'பூட்' என்னும் சொல்லை நம் பிள்ளைகள் வேறு இரண்டு பொருளில் முன்னரே அறிவர். செம்பனைக் காட்டில் குலை வெட்டுவோர் காலில் அணிவது ஒன்று. காரின் பின்புறத்தில் மூட்டை வைக்கும் அறை மற்றொன்று. கணினியைத் தொடங்குவதற்கும் இவ்விரண்டிற்கும் என்ன உறவு என்று மாணவன் வினவினால் விடை சொல்வது எளிதன்று. உறவு இருப்பது காலணியோடுதான். உயர்ந்த காலணியை இழுத்து மாட்டிக்கொள்ள அதன் வாய்ப்புறத்தில் ஒரு வார் தைத்திருப்பர். அவ்வாரைப் பிடித்திழுத்துத் தன்னையே தரையினின்று தூக்கிக்கொள்வது நடவாத செயல். நடவாத செயலைச் செய்ய முயல்வோரை எள்ளுதற்கு 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இதனை எடுத்துக்காட்டினர். சேற்றில் அமிழ்ந்த மஞ்சௌசன் என்னும் பிரபு தன் தலைமயிரைத் தானே பற்றி இழுத்துக் கரையேறினான் என்னும் செருமானியக் கட்டுக்கதையும் இவ்வினத்ததே. நாளடைவில் எள்ளல் பொருள் தேய்ந்து, பிறர் துணையின்றித் தன் முயற்சியால் உயர்தல் என்னும் பொருள் தோன்றிற்று.

கணினியறிஞர் இச்சொல்லைக் கைக்கொண்டது 1950களின் தொடக்கத்தில், ஐ.பி.எம். 701 என்னும் பெருங்கணினி வழங்கிய காலத்திலாகும். அவர்களுக்கும் இதே நடவாத செயல்தான் எதிர்ப்பட்டது. கணினி எதையும் செய்வதற்கு அதன் நினைவகத்தில் கட்டளைகள் இருத்தல் வேண்டும். கட்டளைகளை நினைவகத்தில் கொணர்ந்து வைப்பதும் ஒரு செயலே; அதற்கும் கட்டளை வேண்டும். அக்கட்டளையை யார் வைப்பது? முதற்சிறு கட்டளைகள் சிலவற்றை மட்டும் பொறியமைப்பாலோ கையாலோ உள்ளே செலுத்திவிட்டால், அவை தமக்கு அடுத்தனவற்றை இழுத்துக்கொள்ளும். அடுத்தன இன்னும் பெரியனவற்றை இழுத்துக்கொள்ளும் என்பதே கண்ட விடை. 1975இல் வந்த ஆல்டேர் 8800 என்னும் சிறுகணினியில், அதனை உடையவர் முகப்புப் பலகையிலுள்ள விசைகளை மேலும் கீழும் தள்ளி அம்முதற்கட்டளைகளை ஒவ்வொன்றாக உள்ளிட வேண்டியிருந்தது. பின்னர் அவற்றை அழியாத சில்லு ஒன்றில் பதித்துவிட்டனர்.

உழவர் மரபில் வந்த தமிழர்க்கு இது விளங்காத புதிரன்று. நெல் வேண்டுமாயின் நெல் விதைக்க வேண்டும். விளைந்ததையெல்லாம் உண்டு தீர்த்தவனுக்கு அடுத்த போகம் இல்லை. ஆதலின் எவ்வளவு வறுமையிலும் விதைநெல்லைத் தனியே காப்பர். கணினியின் அழியாச் சில்லில் உள்ள முதற்கட்டளைகள் அத்தகைய விதைநெல். நாற்றங்காலில் நாற்றாகிப் பின் வயல் முழுதும் பரவுதல் போல, அச்சிறு கட்டளைகளிலிருந்து இயங்குதளம் முழுதும் எழுகிறது. வார் பிடித்திழுக்கும் கதையைக் காட்டிலும் விதைநெல் உவமை நம் மாணவர்க்கு நன்கு விளங்கும் என்பது வெளிப்படை.

பொறியினுள் நிகழ்வது என்ன?

சொல்லின் பொருத்தத்தை அளக்குமுன் பொருளை அறிதல் வேண்டும். கணினிக்கு இருவகை நினைவு உண்டு. ஒன்று செயல்படும்போது மட்டும் பயன்படுவது. மின்சாரம் நின்றால் அதிலுள்ளவை மறையும். மற்றொன்று சேமிப்பகம், மின்சாரம் நின்றாலும் அதில் எழுதியவை நிலைக்கும். கணினி பல மணி நேரம் இயங்குகையில் செயல்படு நினைவகத்தில் வேண்டாதன தங்கும். சில செயலிகள் தாம் பெற்ற இடத்தைத் திருப்பித் தருவதில்லை. சில ஒன்றையொன்று எதிர்பார்த்து அசையாமல் நிற்கும். மறுதொடக்கம் செய்தால் இந்நினைவகம் வெறுமையாகிறது. முதற்கட்டளைகள் மீண்டும் எழுந்து உறுப்புகளைச் சோதிக்கின்றன. இயங்குதளம் சேமிப்பகத்திலிருந்து மறுபடி ஏற்றப்படுகிறது. சேமித்த கடிதமும் படமும் பாடக்குறிப்பும் இருந்தபடியே இருக்கின்றன. சேமிக்காமல் திரையில் விட்டுவைத்தவை மட்டுமே போகின்றன.

தஞ்சோங் காராங்கின் வயல்வெளியை அறிந்தார்க்கு இதனையும் எளிதில் உணர்த்தலாம். பெர்ணம் ஆற்று நீர் கால்வாய் வழியே வந்து பாயும் அவ்வயல்களில் ஆண்டுக்கு இருபோகம் விளைகிறது. ஒரு போகம் முடிகையில் வயலின் நீரை வடிப்பர். அடுத்த போகத்துக்குப் புதுநீர் பாய்ச்சுவர். நீர் வடிந்ததால் வரப்பு அழிவதில்லை. களஞ்சியத்து நெல்லும் குறைவதில்லை. செயல்படு நினைவகம் வயலில் நிற்கும் நீர், சேமிப்பகம் களஞ்சியம். மறுதொடக்கம் என்பது நீரை வடித்துப் புதுநீர் பாய்ச்சுதல். வரப்பைக் கலைத்து நிலத்தை மட்டமாக்குதல் வேறு செயல். அதற்கு வேறு சொல் வேண்டும்.

எது போகிறது, எது நிற்கிறது என்னும் இவ்வேறுபாட்டின் சிறப்பை உலகம் 1969 சூலை 20இல் கண்டது. அப்பல்லோ 11 விண்கலத்தின் இறங்கு கலம் நிலவை நெருங்குகையில் அதன் சிறு கணினி தாங்கவொண்ணாத வேலைச் சுமையால் 1202, 1201 என்னும் எச்சரிக்கைகளைக் காட்டிற்று. அது இறங்கும் வேளையிலேயே பன்முறை தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொண்டது. கலத்தை வழிநடத்தும் இன்றியமையா வேலைகளைக் காத்துக்கொண்டு, ஏனையவற்றைக் கைவிடுமாறு அதன் கட்டளைகள் முன்னரே அமைக்கப்பட்டிருந்தன. கலம் நலமே இறங்கிற்று. அங்கே மறுதொடக்கம் முதலிலிருந்து எல்லாவற்றையும் இழந்து நிற்பதாக இருந்திருப்பின் விளைவு வேறாகியிருக்கும்.

'மறு'வும் 'மீள்'உம்

இனித் தமிழ்ச் சொற்களை நோக்குவோம். 'மறு' பெயராக நிற்கையில் குற்றம், மாசு, உடலில் உள்ள புள்ளி ஆகியவற்றைக் குறிக்கும். வினைப்பகுதியாக நிற்கையில் இணங்காமையைக் குறிக்கும். மறுத்தான், மறுப்பு என்பன காண்க. அடையாக நிற்கையில் இரு வழியில் பொருள் தரும். மறுநாள், மறுகரை என்பவற்றில் முன் சொன்னதனின் வேறானதைச் சுட்டுகிறது. மறுபதிப்பு, மறுதேர்தல் என்பவற்றில் முன் நிகழ்ந்த செயல் இன்னொரு முறை நிகழ்வதைச் சுட்டுகிறது. மறுதொடக்கம் இவ்விரண்டாம் வகையினது. முன்பு நிகழ்ந்த தொடக்கம் இன்னொரு முறை நிகழ்கிறது என்பதே அதன் பொருள்.

இதனை 'மறுத்தொடக்கம்' என்று வல்லெழுத்து மிகுத்து எழுதுவாரும் உளர். மறுபதிப்பு, மறுதேர்தல், மறுகரை, மறுபிறவி ஆகியவற்றில் வல்லெழுத்து மிகாமையை அவர்கள் நோக்கவில்லை. மிகுத்து எழுதினால் 'மறுத்து' என்னும் வினையெச்சத்தின் சாயல் ஏறித் தொடங்க மறுத்தல் போன்றதொரு மயக்கம் தோன்றும். ஓர் ஒற்றால் பொருள் திரியும் இடங்களுள் இதுவும் ஒன்று.

'மீள்' என்னும் வினை திரும்பி வருதலையும் விடுபடுதலையும் குறிக்கும். மீட்சி, மீட்பு, மீளாத் துயர் என்பன அதன் வழி வந்தவை. அடகு வைத்த நகையை மீட்டல் என்னும்போது நகை பழைய கைக்கே திரும்புகிறது. இலங்கையில் போரினால் பெயர்ந்தவர்கள் தம் ஊருக்குத் திரும்பிக் குடியமர்வதை மீள்குடியேற்றம் என்கின்றனர். 2009இல் போர் முடிந்த பின் அச்சொல் அங்கே மிகுதியும் வழங்கிற்று. தாம் விட்டுவந்த நிலத்துக்கே திரும்புதல் என்னும் கருத்து அதில் தெளிவாக நிற்கிறது. வேறோர் இடத்தில் வீடு கட்டிக் கொடுத்தால் அது குடியேற்றமேயன்றி மீள்குடியேற்றம் ஆகாது என்று மக்கள் வழக்காடுவதற்கும் அச்சொல்லே இடம் தருகிறது.

ஆகவே 'மறு' செயல் திரும்ப நிகழ்வதைக் காட்டும். 'மீள்' பழைய நிலைக்குத் திரும்புவதைக் காட்டும். இப்பகுப்பு எல்லாச் சொல்லிலும் இம்மியும் பிறழாது செல்லும் என்று கூறவியலாது. நம் பாடநூல்களில் வழங்கும் மீள்பார்வை என்பது திரும்பப் பார்த்தல்தானே என வினவலாம். அங்கும் முன்பு படித்த இடத்துக்கே மனம் திரும்பிச் செல்லுதல் உண்டு என்க. இலங்கைத் தமிழில் 'மீள்' என்பதே பெருவழக்கு. அங்கு மீள்தொடக்கம் என்று எழுதுவோரைக் குறைகூறுதல் பொருந்தாது. எனினும் ஒரே திரையில் அடுத்தடுத்து நிற்கும் இரு செயல்களுக்குப் பெயரிடும்போது, வேறுபாட்டைக் காக்க உதவும் வழக்கைத் தேர்ந்துகொள்வதே தக்கது.

மீள்தொடக்கம் என்பதில் புணர்ச்சி பற்றிய ஐயமும் எழுவதுண்டு. நாள், தோறும் என்பன நாடோறும் என்று புணர்வதைக் கற்ற ஆசிரியர்க்கு, ளகரமும் தகரமும் திரியாமல் நிற்பது செவிக்கு உறுத்தலாம். செயற்றிறன் என்று புணர்க்க வேண்டியதைச் செயல்திறன் என்று இக்காலத்தார் எழுதுவது போலவே இதுவும் வழங்குகிறது. பொருள் விளக்கம் கருதி இதனை ஏற்கலாம். ஆயினும் புணர்ச்சித் தடையின்றி ஒலிக்கும் மறுதொடக்கம் இருக்கையில் அதனை விடுதற்குக் காரணமில்லை.

இனித் 'துவக்கம்' பற்றி ஒரு சொல். தொடங்கு என்பதே பழைய வடிவம். துவங்கு என்பது பேச்சிலும் நாளேடுகளிலும் பரவிய வடிவம். இலங்கைத் தமிழில் துவக்கு என்பது துப்பாக்கியின் பெயர். பல நாட்டார் ஒருங்கே பயிலும் கலைச்சொல்லில் இத்தகைய மயக்கத்துக்கு இடம் தராமல் தொடக்கம் என்றே எழுதுதல் நன்று.

ஏவலும் வியங்கோளும்

தொடங்கு என்னும் வினைக்கு ஒரு தனி இயல்பு உண்டு. இயங்கு தன்வினை, இயக்கு பிறவினை. அடங்கு தன்வினை, அடக்கு பிறவினை. தொடங்கு என்பதோ வழக்கில் இரு வழியிலும் நிற்கிறது. மழை தொடங்கியது, வேலையைத் தொடங்கினான் என இரண்டும் கூறுகிறோம். ஆதலின் கணினி தானே மறுதொடக்கம் கொண்டதா, ஒருவர் செய்ததா என்பதைத் துணைவினையால்தான் காட்டல் வேண்டும். கணினி மறுதொடக்கம் ஆனது என்றால் அது தானே நிகழ்ந்தது. மறுதொடக்கம் செய்தார் என்றால் அதனைச் செய்த கருத்தா உண்டு. பழுதைக் கேட்டறியும் பணியாளர்க்கு இவ்வேறுபாடே முதல் துப்பு. 'ரீஸ்டார்ட் ஆச்சு', 'ரீஸ்டார்ட் பண்ணேன்' என்று பேச்சுத்தமிழ் இதனைப் பிழையின்றிக் காத்து வருகிறது. எழுத்துத்தமிழ் அதனிடம் கற்றுக்கொள்ளலாம்.

திரையில் தோன்றும் சொற்றொடர்களையும் இவ்விடத்தில் நோக்குதல் தகும். பொத்தானில் 'மீண்டும் தொடங்கு' என்று இருந்தால் அது மனிதன் பொறிக்கு இடும் ஏவல். 'கணினியை மறுதொடக்கம் செய்க' என்று செய்தி வந்தால் அது பொறி மனிதனை வேண்டுவது. அங்கே வியங்கோள் பொருந்தும். சில மொழிபெயர்ப்புகளில் இவ்விரண்டும் தலைமாறி, பொறி மனிதனைப் பார்த்து 'செய்' என்று அதட்டுகிறது. ஆங்கிலத்தில் வினைப்பகுதி ஒன்றே இரண்டிடத்தும் நிற்பதால் அங்கே இக்குறை புலப்படுவதில்லை. மரியாதை வழக்கு நுண்ணிதாக அமைந்த தமிழிலோ அது உடனே புலப்படுகிறது. யார் யாரை நோக்கிப் பேசுகிறார் என்பதை அறிந்தே மொழிபெயர்க்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

மயக்கமும் அதன் விலையும்

கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் மறுதொடக்கம் அன்றி 'ரீசெட்' என்றொரு செயலும் உண்டு. மாற்றியமைத்தவற்றைக் கலைத்துப் பழைய நிலைக்குக் கொணர்வது அது. அதன் முற்றிய வடிவம், கருவியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே திருப்புவது. அதனைச் செய்தால் கருவியிலுள்ள படங்கள், எழுத்துகள், செயலிகள் யாவும் அழியும். வேறிடத்தில் படி எடுத்து வைத்திருந்தாலன்றி அவை திரும்பா. இதற்கு மீட்டமைப்பு என்னும் சொல் தமிழில் வழங்குகிறது. பழைய நிலைக்குத் திரும்புதல் என்னும் 'மீள்' பொருள் இதில் முழுதும் பொருந்துகிறது. மறுதொடக்கத்தை மீள்தொடக்கம் என்றும், இதனை மீட்டமைப்பு என்றும் ஒரே வேரிலிருந்து பெயரிட்டால் புதிதாகக் கற்பவர் இரண்டையும் ஒன்றாகக் கருதுதல் இயல்பே. ஒன்று நீரை வடித்தல். மற்றொன்று களஞ்சியத்தையும் காலி செய்தல்.

2020 மார்ச் 18இல் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பள்ளிக்கூடம் கைப்பேசிக்குள் புகுந்தது. வீட்டில் ஒரே கைப்பேசி. அதில் பெற்றோரின் வேலைச் செய்திகளும், குடும்பப் படங்களும், மூன்று பிள்ளைகளின் பாடங்களும். கருவி தடைப்பட்டால் அருகில் சென்று பார்க்க இயலாத நிலையில் ஆசிரியர் சொல்லால் மட்டுமே வழிகாட்ட வேண்டியிருந்தது. அத்தகைய வேளையில் மறுதொடக்கம், மீட்டமைப்பு என்னும் இரண்டும் பிள்ளையின் மனத்தில் தனித்தனியே நிற்காவிடில், ஒரு தொடுகையில் ஒரு குடும்பத்தின் ஆண்டுகள் சில அழிந்துபோகும். சொற்பொருள் தெளிவு பண்டிதர்க்கு மட்டும் உரிய இன்பம் என்று எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

மலாய்மொழி இதனை எவ்வாறு கையாள்கிறது என்பதும் நம் மாணவர்க்குப் பயன்படும். அங்கே 'பூட் செமுலா' என்றும் 'மூலா செமுலா' என்றும் மறுதொடக்கத்தைக் குறிப்பர். மீட்டமைப்பிற்குச் 'செட் செமுலா' என்பர். செமுலா என்னும் சொல்லின் உள்ளே இருப்பது மூலா. அது வடமொழி மூலத்தினின்று வந்தது. தமிழில் மூலம் என்று நாம் வழங்குவதும் அதுவே. அம்மொழி இரு செயலுக்கும் செமுலா என்னும் ஒரே அடையைக் கொண்டு, முன்னிற்கும் சொல்லால் வேறுபடுத்துகிறது. தமிழுக்கு மறு, மீள் என இரண்டு அடைகள் வாய்த்துள்ளன. வாய்த்த வளத்தைப் பயன்கொள்ளாமல் விடுவது பொருந்துமா?

தோட்ட மக்களிடம் இவ்வேறுபாட்டை உணர்த்தும் சொல் ஒன்று முன்னரே உண்டு. அது மறுநடவு. முதிர்ந்த மரங்களைச் சாய்த்து அதே நிலத்தில் புதுக்கன்று நடுவது அது. ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டதும் இவ்வகையில் அடங்கும். கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனை நடவு நிகழ்ந்தது. தென்னையின் பெயர் தாங்கிய தோட்டம் செம்பனைக்குத் தாயகமாயிற்று. மறுநடவில் நடுதல் என்னும் செயல் திரும்ப நிகழ்கிறது. ஆகவே 'மறு' பொருந்துகிறது. சாய்ந்த மரம் மீள்வதில்லை. ஆகவே அதனை மீள்நடவு என்று யாரும் கூறவில்லை. படிப்பறிவு குறைந்த காலத்திலும் மக்கள் வழக்கு அடைமொழியைப் பிழையின்றித் தேர்ந்திருக்கிறது.

'அடைத்துத் திற' என்னும் வழக்கு

மறுதொடக்கம் என்பதற்கு ஈடாக 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணு' என்றும், 'அடைத்துவிட்டுத் திற' என்றும் பேச்சில் கூறுவர். விளக்கிற்கும் மின்விசிறிக்கும் இது போதும். கைப்பேசியில் பக்கத்துப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் திரை மட்டுமே அணைகிறது. உள்ளே எல்லாம் முன்போலவே இயங்கிக்கொண்டிருக்கும். கணினியிலும் 2012இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு 'விரைவுத் தொடக்கம்' என்னும் அமைப்பு உண்டு. அது செயற்பட்டிருக்கும் கணினியை நிறுத்தினால், இயங்குதளத்தின் உட்கரு அப்போதிருந்த நிலையிலேயே சேமிப்பகத்தில் எழுதி வைக்கப்படும். மறுபடி முடுக்கும்போது அதுவே திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே அங்கே அடைத்துத் திறப்பது பழைய நீரையே மறுபடி பாய்ச்சுதல் போலாம். மறுதொடக்கம் என்னும் கட்டளையே முழுமையாக நீரை வடிக்கிறது. பேச்சுவழக்கில் ஒன்றென நின்ற இரண்டு செயல்கள் பொறியில் வேறாகிவிட்டன. சொல்லும் வேறாதல் இன்றியமையாதது.

1981இல் ஐ.பி.எம். தனிக்கணினியை உருவாக்கியவருள் ஒருவரான டேவிட் பிராட்லி, மின்சாரத்தை நிறுத்தாமலே மறுதொடக்கம் செய்வதற்குக் கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் என்னும் மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தும் முறையை அமைத்தார். தவறுதலாக ஒரு கை பட்டு அது நிகழாதிருக்க, ஒன்றுக்கொன்று தொலைவான விசைகளைத் தேர்ந்தார். செயலின் விளைவை அறிந்து அதற்குத் தக்க தடையை விசைப்பலகையில் வைத்தார் அவர். சொற்களிலும் அத்தகைய தடை ஒன்றை வைப்பது ஆசிரியர் கையில் உள்ளது.

மறுதொடக்கம் எல்லாப் பிணிக்கும் மருந்து என்று எண்ணுவதும் தவறு. 2024 சூலை 19இல் கிரவுட்ஸ்டிரைக் என்னும் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின என்று மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. பிழை சேமிப்பகத்தில் எழுதப்பட்டுவிட்டதால், கணினி மறுதொடக்கம் ஆகும்தோறும் அப்பிழையையே மறுபடி ஏற்றிக்கொண்டு விழுந்தது. களஞ்சியத்து விதையே கெட்டுவிட்டால் எத்தனை முறை புதுநீர் பாய்ச்சினும் என்ன பயன்? பல இடங்களில் பணியாளர் நேரில் சென்று பிழையான கோப்பை நீக்க வேண்டியதாயிற்று.

பரந்த ஆட்சி

கணினித் துறையினின்று இச்சொல் பிற துறைகளுக்கும் சென்றிருக்கிறது. 2005இல் வந்த 'பேட்மேன் பிகின்ஸ்', 2006இல் வந்த 'கேசினோ ராயல்' போன்ற படங்களை ஆங்கில விமரிசகர் 'ரீபூட்' என்றனர். முன்வந்த படங்களின் கதைத்தொடர்ச்சியைக் கைவிட்டு, அதே கதைமாந்தரைப் புதிதாகத் தொடங்குவதே அங்குக் கருதப்படும் பொருள். இதனைத் தமிழில் மறுதொடக்கம் என்று அப்படியே பெயர்த்து எழுதுகின்றனர். கணினியின் மறுதொடக்கத்தில் சேமித்தவை காக்கப்படுகின்றன. திரைப்படத்திலோ சேமித்த கதை தள்ளப்படுகிறது. ஆங்கிலம் தன் உவமையில் வழுவியிருக்கலாம். அவ்வழுவையும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. புதுத்தொடக்கம் என்றால் பொருள் தெளியும். நிறுவனத்தையோ திட்டத்தையோ மறுதொடக்கம் செய்வதாக நாளேட்டில் எழுதுவோரும், பழையதில் எது நிற்கிறது என்பதைக் கேட்டறிந்து எழுதுதல் நன்று. எல்லாம் கலைக்கப்பட்டிருந்தால் அச்சொல் அங்கே உண்மையை மறைக்கும் திரையாகிவிடும்.

பிறமொழிச் சொல்லையே வைத்துக்கொள்ளலாகாதோ?

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, ரீஸ்டார்ட் என்றே வழங்கிவிடலாமே என்பார் உளர். அவர் கூற்றில் சிறிது நியாயம் உண்டு. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதைப் 'பெரட்டு' என்றனர். அது ஆங்கிலப் 'பரேடு' தமிழ் நாவில் உருமாறியது. பெரட்டுக்களம் என்று தமிழ்ச்சொல்லோடு கூடியும் அது வாழ்ந்தது. அதனால் தமிழ் கெட்டுவிடவில்லை. பேச்சில் ரீஸ்டார்ட் என்பதும் அவ்வாறே வாழட்டும். அதனைத் தடுப்பது யாராலும் ஆகாது.

வகுப்பறையின் தேவை வேறு. பெரட்டைக் கண்ணாற் கண்டவன் அச்சொல்லின் பொருளைத் தானே அறிந்தான். கணினியினுள் நிகழ்வதைக் கண்ணாற் காண இயலாது. சொல் ஒன்றே அதற்குச் சாளரம். பூட் என்பது தமிழ் மாணவனுக்கு வெறும் இடுகுறி. அன்றியும் அது பூட்டு என்னும் தமிழ்ச்சொல்லின் ஒலியை நினைவூட்டித் திறப்பதற்கு மாறான எண்ணத்தைத் தரவும் கூடும். மறுதொடக்கம், மீட்டமைப்பு என்பன காரணப்பெயர்கள். பொருளைத் தம்முள்ளே தாங்கி நிற்பவை. கற்பவன் சொல்லைப் பிரித்தாலே செயலின் தன்மை புலனாகும். கலைச்சொல்லைத் தாய்மொழியில் ஆக்குவதன் பயன் இதுவே. பயன் கிட்ட வேண்டுமாயின் அடைமொழியைச் சரியாகத் தேர்ந்திருத்தல் வேண்டும்.

தமிழைக் கணினிக்கு ஏற்றுவதில் மலேசியத் தமிழர்க்கு நல்ல பங்குண்டு. முத்து நெடுமாறன் 1980களிலேயே உருவாக்கிய முரசு மென்பொருளும், 2001இல் கோலாலம்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடும் அதற்குச் சான்று. எழுத்தை ஏற்றும் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஏற்றிய எழுத்தால் ஆன சொற்களைப் பொருள் பிறழாமல் ஆளும் வேலை எஞ்சியிருக்கிறது. அது பொறியறிஞர் மட்டும் செய்து முடிக்கும் வேலையன்று.

தொகுத்து நோக்கின், கணினியோ கைப்பேசியோ தன் சேமிப்பைக் காத்துக்கொண்டு முதலிலிருந்து எழுவதை மறுதொடக்கம் என்க. பழைய அமைப்புக்குத் திருப்புவதை மீட்டமைப்பு என்க. மென்பொருளை நீக்கிப் புதிதாக இடுவதை மறுநிறுவல் என்க. ஒரு செயலியை மட்டும் மூடித் திறப்பதை மீண்டும் திறத்தல் என்றே கூறுக. இந்நான்கையும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் போவது எது, நிற்பது எது என்று மாணவரையே நிரப்பச் செய்தால் ஒரு பாடவேளையில் பாடம் முடிந்துவிடும். அம்மாணவர் வீடு சென்று தம் பாட்டியின் கைப்பேசியைக் கையிலெடுக்கும்போது அப்பாடத்தின் பயன் வெளிப்படும்.